வெளிக்கடையில் மாட்டிய கார் அலாரம்: நாலு நாளில் பேட்டரி காலி, நடுராத்திரியில் தானாக அலறும் சைரன்

நெல்லை_ஹேட்ச்பேக்:

வணக்கம். வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், கீழ் வேரியன்ட், மேனுவல் கியர். கம்பெனி சென்ட்ரல் லாக் கிடையாது. அதனால் ஆக்சசரீஸ் கடையில் அலாரத்தோடு சேர்ந்த சென்ட்ரல் லாக் கிட் மாட்டியிருக்கு. மாட்யூல், சைரன், அதிர்வை உணர்ற ஷாக் சென்சார், பானட் மூடினா அமுங்குற பின் ஸ்விட்ச் ஒண்ணு, செல்ஃபை (ஸ்டார்ட்டர் மோட்டாரை) கட் பண்ண அஞ்சு பின் ரிலே ஒண்ணு, நாலு கதவுக்கும் மோட்டார். பேட்டரி 35 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்), வாங்கி எட்டு மாசம்.

இப்போ மூணு தொந்தரவு.

லாக் போட்டு நாலு நாள் எடுக்காம விட்டா அஞ்சாம் நாள் செல்ஃப் எடுக்கல, டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது. பேட்டரியை லோட் டெஸ்ட் பண்ணியாச்சு, குறை இல்லை. ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுக்குது.

ராத்திரி ரெண்டு மணியிலிருந்து அஞ்சு மணிக்குள்ள சைரன் தானா அலறுது. தினமும் இல்லை. ஷாக் சென்சாரை கடைசி வரைக்கும் குறைச்சு வெச்சும் நிக்கல.

மூணாவது, இடது இண்டிகேட்டர் போட்டா வலதும் சேர்ந்து மினுக்குது. கிட் மாட்டினதிலிருந்துதான் இது.

பேட்டரி நெகட்டிவில் மல்டிமீட்டரை சீரிஸா போட்டு, 10 ஆம்பியர் ரேஞ்சில் பார்த்தேன். பானட் திறந்திருந்தா சைரன் கத்தும்னு பின் ஸ்விட்சை அமுக்கி டேப் சுத்தியாச்சு. லாக் போட்டு அரை மணி நேரம் கழிச்சு ரீடிங் 0.19 ஆம்பியர். அலாரத்தோட ஃப்யூஸைப் பிடுங்கினா 0.02-க்கு இறங்குது. கடையில் கேட்டா "அலாரம்னா கொஞ்சம் இழுக்கத்தான் சார் செய்யும், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விடுங்க" என்கிறார்கள். கொஞ்சம்னா எவ்வளவு? எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ரிலே_30_87ஏ:

நண்பரே, பாதி வேலையை நீங்களே முடிச்சுட்டீங்க. 0.19-லிருந்து வண்டியோட சொந்த இழுப்பு 0.02 கழிச்சா கிட் மட்டும் 170 மில்லி ஆம்பியர் குடிக்குது. மாட்யூல், ஷாக் சென்சார், மினுக்குற எல்இடி எல்லாம் சேர்ந்து 15-லிருந்து 25 மில்லி ஆம்பியர் போதும். மிச்சம் கிட்டத்தட்ட 150. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு சந்தேகம் ஒரே இடத்தில்தான்: செல்ஃப் கட் ரிலேயோட காயில், அதாவது உள்ளே இருக்கிற கம்பிச் சுருள். சாதாரண 12 வோல்ட் ஆட்டோ ரிலேயில் காயில் 80, 90 ஓம் இருக்கும். 12.5 வோல்ட்டை 80-ஆல் வகுத்துப் பாருங்க, 156 மில்லி ஆம்பியர். உங்க ரிலே ராத்திரி முழுக்க இழுத்துப் பிடிச்சுக்கிட்டே நிக்குது.

ஸ்பேனர் எடுக்காமலே சோதிக்கலாம். கண்ணாடியை இறக்கி வெச்சு, ரிலே மேல விரலை வெச்சுக்கிட்டு ரிமோட்டில் லாக் போடுங்க. லாக் விழுற அதே நொடியில் விரலில் ஒரு டிக் தட்டணும். அரை மணி கழிச்சு திரும்பத் தொட்டா வெதுவெதுப்பா இருக்கும், காயிலில் 2 வாட் வீணாப் போய்க்கிட்டிருக்கு. பிறகு அன்லாக் பண்ணி, கதவுகளை சாத்தி, அதே மாதிரி சீரிஸ் ரீடிங் இன்னொன்று எடுங்க. லாக்குக்கும் அன்லாக்குக்கும் உள்ள வித்தியாசம் காயில் கணக்கோடு பொருந்தினா வேற எதையும் தேட வேண்டாம்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, மாட்யூலில் இம்மொபிலைசர் (வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாம தடுக்கிற) அவுட்புட் ஒண்ணு இருக்கும். லாக் போட்டா அது எர்த் கொடுக்கும், அன்லாக் பண்ணா விட்டுடும். அது ரிலேயில் 85-னு எண் போட்ட பின்னுக்குப் போகுது; 85, 86 ரெண்டும் காயிலோட முனைகள், 30, 87ஏ ரெண்டும் செல்ஃப் வயர் போற பின்கள். எதிர்ப்பக்கம் 86-க்கு ஒரு பாசிட்டிவ் வேணும். மாட்டுறவர் கைக்குப் பக்கத்தில் எப்போதும் உயிரோடு இருக்கிற பேட்டரி பாசிட்டிவை எடுத்து 86-இல் கொடுத்துட்டுப் போயிடுவார். வேலை செய்யும், அதனால கடையில் டெஸ்ட் பண்ணும்போது தப்பே தெரியாது. ஆனா லாக் போட்ட நேரம் முழுக்க காயில் ஓடும்.

86-க்கு இக்னிஷன் பாசிட்டிவ் கொடுக்கணும். வண்டி சும்மா நிக்கும்போது அந்த வயரில் வோல்ட் இல்லை, காயிலும் இழுக்காது. யாராவது சாவியைத் திருப்பினா மட்டும் 86-க்கு சப்ளை வரும், 85-இல் எர்த் ஏற்கெனவே காத்திருக்கு, 30-க்கும் 87ஏ-க்கும் நடுவில் கான்டாக்ட் திறந்துடும், செல்ஃப் சுத்தாது. பாதுகாப்பு குறையாது, இழுப்பு மட்டும் போயிடும்.

இதில் தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. ஸ்டீரியோவுக்குப் போகிற ஆக்சசரி வயரை இக்னிஷன்னு நினைச்சு எடுத்துடாதீங்க. செல்ஃப் அடிக்கும்போது ஆக்சசரி சப்ளை பூஜ்யமாகும், பாட்டு நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அந்த நொடியில் ரிலே விட்டுடும், செல்ஃப் ஜம்முனு சுத்தும், உங்க அலாரம் வெறும் சத்தப் பெட்டி ஆயிடும். சரியான வயரை மீட்டர் வெச்சுதான் பிடிக்கணும்: சாவி ஆஃபில் பூஜ்யம், ஆனில் 12 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போதும் 9, 10 வோல்ட்டுக்குக் கீழ போகாம நிக்கணும்.

86-க்கும் 85-க்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு போடுங்க, வெள்ளைப் பட்டை 86 பக்கம். ரிலே விடும்போது காயில் திருப்பி உதைக்கிற வோல்டேஜ் மாட்யூலுக்குள்ள இருக்கிற டிரான்சிஸ்டரைக் கொல்லும். காயிலுக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். 30, 87ஏ ரெண்டிலும் போறது செல்ஃப் சோலினாய்டு கரண்ட், அங்கே 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைச்சு போடாதீங்க. மெல்லிசான வயர் போட்டிருந்தா ரெண்டு வருஷத்தில் கப்ளர் கருகி, "சில நேரம் செல்ஃப் எடுக்கல"ன்னு வேற ஒரு கேள்வியோட வருவீங்க.

கணக்கும் ஒத்துப்போகுது. 0.19 ஆம்பியர் ஒரு நாளைக்கு 4.5 ஏ.எச்.க்கு மேல. நாலு நாளில் 18 ஏ.எச்., அதாவது 35-இல் பாதிக்கு மேல போச்சு. அந்த நிலையில் செல்ஃப் எடுக்காதது பேட்டரி குற்றம் இல்லை. வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஐடிலிங்கில் விடுறது போனதைத் திருப்பித் தராது, பெட்ரோல்தான் செலவு.

நெல்லை_ஹேட்ச்பேக்:

ரொம்ப நன்றி. லாக் போட்டதும் ரிலே தட்டுது, பிறகு சூடாவும் இருக்கு. அன்லாக் நிலையில் 42 மில்லி ஆம்பியர். ரிலேயைக் கழட்டி காயிலை அளந்தா 84 ஓம்.

சைரன் விஷயம்: கத்தின பிறகு அன்லாக் பண்ணும்போது எல்இடி மூணு தடவை மின்னுது. மேனுவலில் ரெண்டு மின்னல் ஷாக் சென்சார், மூணு மின்னல் கதவு அல்லது பானட்னு போட்டிருக்கு. மழை பெஞ்ச ராத்திரியிலும் பனி இறங்குற நாளிலும்தான் அதிகம். பேட்டரி புல் சார்ஜில் இருக்கிற முதல் ராத்திரியிலும் கத்தியிருக்கு, அதனால வோல்டேஜ் குறைஞ்சு கத்துதுன்னு சொல்ல முடியல.

ரிலே_30_87ஏ:

190-இல் 42 போனா 148. 12.5 வோல்ட்டை 84-ஆல் வகுத்தா 149. முடிஞ்சது. 86-ஐ மாத்தின பிறகு நாளைக்கு ஒரு ஏ.எச். அளவுதான் போகும், ரெண்டு வாரம் விட்டாலும் ஸ்டார்ட் ஆகணும்.

பின்_ஸ்விட்ச்:

சைரனுக்கு நான் பதில் சொல்றேன் சார். மூணு மின்னல்னா ஷாக் சென்சார் திருகாணியை இனிமே தொடாதீங்க. பொய் அலாரம்னாலே எல்லாரும் அந்தத் திருகாணியைத்தான் முதலில் திருகுறாங்க, கடைசியில் நிஜமாவே கண்ணாடியை உடைச்சாலும் கத்தாத நிலைக்குக் கொண்டுபோய் விட்டுடுறாங்க.

ஈரத்தில் மட்டும் கத்துதுன்னா பானட் பின் ஸ்விட்ச். காரணம் அது வெளியில் இருக்கு என்பது மட்டும் இல்லை. கதவு ஸ்விட்சும் ஈரம் படுது, அது ஏன் கத்த வைக்கலன்னு பாருங்க. கதவு வயர் ரூம் லைட் பல்பு வழியா 12 வோல்ட்டோடு கட்டுப்பட்டிருக்கு. பல்பு இழைக்கு ரெசிஸ்டன்ஸ் சில ஓம்தான், அதனால ஸ்விட்சில் ஈரத்தால் கொஞ்சம் கசிஞ்சாலும் அந்த வயரைக் கீழே இழுக்க முடியாது. பானட் வயருக்கு அப்படி ஒரு பல்பு கிடையாது. மாட்யூலுக்குள்ள இருக்கிற சில ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒண்ணுதான் அதை மேலே தூக்கிப் பிடிச்சிருக்கு. ஸ்விட்சில் துருவும் அழுக்கும் சேர்ந்து, மேல பனித்துளியும் விழுந்தா அதே அளவு கசிவு எர்த்துக்குக் கிடைச்சுடும். பானட்டை யாரோ திறந்துட்டாங்கன்னு மாட்யூல் முடிவு பண்ணிடும்.

காலையில் வெயில் ஏறின பிறகு மெக்கானிக்கிட்ட காட்டினா ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கும். அதனால நனைச்சுப் பார்க்கணும். ஸ்விட்சோட வயரைக் கழட்டுங்க. மீட்டரை 200 கிலோ ஓம் ரேஞ்சில் வெச்சு ஒரு முனை ஸ்விட்ச் டெர்மினலில், இன்னொரு முனை பெயின்ட் இல்லாத பாடியில். பின்னை விரலால் முழுசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஸ்ப்ரே பாட்டிலால் ரெண்டு பீச்சு. ரேஞ்சைத் தாண்டிப் போய் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்னா, இல்லை ஓஎல் வந்தா நல்லது. 10, 20 கிலோ ஓம்னு எண் வந்து ஆடினா அதுதான் உங்க ராத்திரிக் கச்சேரி.

ஈரம் தவிர இன்னொன்றும் பாருங்க, பானட் மூடினா பின் எவ்வளவு இறங்குதுன்னு. பின் தலையில் சப்பாத்தி மாவு ஒரு சின்ன உருண்டை வெச்சு பானட்டை மெதுவா மூடித் திறங்க. மாவு சப்பையா, தாள் மாதிரி நசுங்கியிருந்தா பின் நல்லா அமுங்குது. உருண்டை கொஞ்சம்தான் தட்டையாகியிருந்தா ஸ்விட்ச் விளிம்பில் நிக்குது, பானட் ரப்பர் கொஞ்சம் அசைஞ்சாலே கான்டாக்ட் தொடும். பிராக்கெட்டை வளைச்சோ, பின் உயரத்தைக் கூட்டியோ குறைஞ்சது 5 மில்லிமீட்டர் அமுங்குற மாதிரி செய்யணும்.

ஸ்விட்சை மாத்துறதுன்னா ரப்பர் உறை உள்ளதா வாங்குங்க. வைப்பர் அடியிலிருந்து தண்ணி வடியுற வழியில் மாட்டாதீங்க, பல வண்டியில் அங்கேதான் மாட்டியிருக்காங்க, கைக்கு வசதியான இடம் அதுதான். டெர்மினலில் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ். வயர் ஸ்விட்சுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விட்டு மேலே ஏத்துங்க, தண்ணி வயர் வழியா ஓடி வந்தாலும் தொங்கலிலேயே சொட்டிடும். ஸ்விட்சுக்கு எர்த் கிடைக்கிறது அதன் திருகு வழியாத்தான், துருப்பிடிச்ச துளையில் மாட்டினா நிஜமா பானட் திறக்கும்போது கத்தாது. அது பொய் அலாரத்தை விட மோசம்.

உறுதி பண்ணிக்க: புது ஸ்விட்ச் வாங்குறதுக்கு முன்னாடி பானட் வயரை மட்டும் கழட்டி, முனையை டேப் சுத்தி, ஈரமான ரெண்டு மூணு ராத்திரி விட்டுப் பாருங்க. கத்தலைன்னா கேஸ் முடிஞ்சது. கத்தினா அதே மூணு மின்னல் கதவு வயரைக் காட்டுது, அப்போ ரூம் லைட்டைப் பாருங்க. பழைய பல்பை எடுத்துட்டு எல்இடி போட்டிருக்கீங்களா? எல்இடிக்கு அந்த வயரைத் தூக்கிப் பிடிக்கிற வலு கிடையாது, கதவு ஸ்விட்சும் பானட் ஸ்விட்ச் மாதிரியே ஈரத்துக்கு பயந்துக்கும். பழைய 5 வாட் பல்பைத் திரும்பப் போட்டாலே சில வண்டிகளில் பிரச்சனை நின்னுடும்.

ஷாக் சென்சாரை டேஷ்போர்டு பிளாஸ்டிக்கில் டபுள் சைட் டேப்பால் ஒட்டியிருந்தா அதையும் எடுத்து ஸ்டியரிங் காலம் பிராக்கெட் இரும்போட கேபிள் டை போட்டு இறுக்குங்க. வெயிலில் டேப் பசை உருகி ஆட ஆரம்பிச்சா எந்த செட்டிங்கும் நிலைக்காது.

கொங்கு_வயரிங்:

இண்டிகேட்டருக்கு நான் சொல்றனுங்க. மாட்யூலில் இண்டிகேட்டருக்கு ரெண்டு வயர் வருதா, ஒண்ணுதான் வருதான்னு பாருங்க. ரெண்டு வந்தா ஒண்ணு இடதுக்கு, ஒண்ணு வலதுக்கு, தனித்தனியா போகோணும். உங்களுக்கு மாட்டினவர் ரெண்டையும் முறுக்கி ஒண்ணாக்கியிருப்பாருங்க, இல்லைனா ஒத்தை வயரை ரெண்டு பக்கமும் நேரா கொடுத்திருப்பாரு. இடது பக்க சப்ளை அந்த இணைப்பு வழியா வலதுக்கும் போகுது, அவ்வளவுதான்.

ஒத்தை வயர் மாட்யூல்னா டயோடு போட்டுப் பிரிக்கோணும். ஆனா 1என்4007 போட்டுடாதீங்க, அது 1 ஆம்பியர் டயோடு. ஒரு பக்கத்துக்கு முன்னாடி 21 வாட், பின்னாடி 21 வாட், சைடில் 5 வாட், மொத்தம் 47 வாட், கிட்டத்தட்ட 4 ஆம்பியர். முதல் தடவை லாக் போடும்போதே போயிடும். 6 ஆம்பியர் டயோடு ரெண்டு வாங்குங்க, கட்டை விரல் நக அகலத்துக்கு கருப்பா தடியா இருக்கும். வெள்ளைப் பட்டை பல்பு பக்கம். ரெண்டு பக்கமும் சேர்ந்து மின்னும்போது 8 ஆம்பியர் வரும், மாட்யூல் அவுட்புட் அதைத் தாங்குதான்னு மேனுவலில் பார்த்துக்கோங்க. தாங்கலைனா நடுவில் ஒரு ரிலே.

86 விஷயத்தில் ஒரு மாற்றுக் கருத்துங்க. இக்னிஷனுக்கு பதிலா சாவியிலிருந்து வர்ற செல்ஃப் வயரையே 86-க்கு கொடுத்தா? திருடன் சாவி ஸ்விட்சைத் தொடாம கீழ வயரை வெட்டி செல்ஃப் வயருக்கு மட்டும் நேரா பாசிட்டிவ் தொட்டா இக்னிஷன் வயரில் ஒண்ணும் வராது, ரிலே சும்மா இருக்கும், செல்ஃப் சுத்திடுமே.

ரிலே_30_87ஏ:

சுத்தும், ஆனா இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. இக்னிஷன் வயரில் சப்ளை இல்லாம ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோல் பம்பும் இல்லை. அதையும் சேர்த்து உயிர் கொடுத்தா அந்த நொடியே ரிலே இழுத்து செல்ஃபை அறுத்துடும். செல்ஃப் வயரிலிருந்து 86 எடுத்தா கான்டாக்ட் ஒவ்வொரு தடவையும் சோலினாய்டு கரண்ட் ஓடும்போதே திறக்க வேண்டிவரும், தீப்பொறி பட்டு 87ஏ சீக்கிரம் ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா கட் ஆகாது.

வேற ஒரு உண்மை: இது மேனுவல் கியர் வண்டி. செல்ஃபை மட்டும் அறுத்தா தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியும். அதுக்காக பெட்ரோல் பம்பை அறுக்கச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீங்க. ரிலேயோ மாட்யூலோ பழுதானா நாலு வழிச் சாலையில் 90-இல் போகும்போது இஞ்சின் நிக்கும். கியர் லாக் ஒண்ணு போடுறது அதை விட மேல்.

கொங்கு_வயரிங்:

சரிதானுங்க, சாவி பக்கம் எடுத்தா பொறி விழும், அதை விட்டுட்டேன்.

நெல்லை_ஹேட்ச்பேக்:

மாட்யூலில் இண்டிகேட்டருக்கு ரெண்டு வயர் வருது, முறுக்கித்தான் வெச்சிருக்கார். பானட் வயரைக் கழட்டி விட்டிருக்கேன், மழைக்குக் காத்திருக்கேன். ரூம் லைட் பழைய பல்புதான்.

ஒரு சந்தேகம். கடைக்காரர் எல்லா ஜாயின்டையும் ஒரிஜினல் வயர் தோலைச் சீவி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கார். எல்லாத்தையும் பிரிச்சு சால்டர் பண்ணணுமா?

கொங்கு_வயரிங்:

பண்ணிடுங்க. டேஷ்போர்டுக்குள்ள கோடைச் சூட்டுக்கு டேப் பசை வழிஞ்சு அவுந்துடும். சால்டர், மேல ஹீட் ஷ்ரிங்க். நீலக் கலர் ஸ்காட்ச் லாக் கிளிப் மட்டும் வேண்டாமுங்க, அது ஒரிஜினல் வயரோட இழையில் பாதியை அறுத்துடும்.

பின்_ஸ்விட்ச்:

சால்டரில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கதவு கீலுக்குப் போற வயர், பானட் பக்கம் ஆடுற வயர் இதிலெல்லாம் சால்டர் முடியுற இடத்தில் வயர் விறைச்சு, பிறகு ஒடியும். அங்கே ரெண்டு வயர் முனையையும் உள்ளே விட்டு நசுக்குற பட் ஸ்லீவை நல்ல கிரிம்ப் டூல் வெச்சு போடுங்க. ஆடாத இடத்தில் சால்டர் சரி. எப்படிப் போட்டாலும் மாட்யூலோட எர்த்தை முதலில் பாருங்க. டேஷ்போர்டு திருகில் கொடுத்திருந்தா பிடுங்கி, பாடி இரும்பில் பெயின்ட் சுரண்டி, ரிங் டெர்மினல் போட்டு போல்ட்டில் இறுக்குங்க. இண்டிகேட்டர் மின்னும்போது மாட்யூல் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.1 வோல்ட்டுக்கு மேல வரக் கூடாது.

ரிலே_30_87ஏ:

பிரிக்கிறதுக்கு முன்னாடி சில விஷயம். அன்லாக் பண்ணிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. ஸ்டியரிங் காலத்துக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட வயரோ கப்ளரோ இருந்தா அது ஏர்பேக், மீட்டர் முனை கூட அதில் படக் கூடாது. இக்னிஷன் வயரைத் தேட டெஸ்ட் லேம்ப் பயன்படுத்தாதீங்க, டிஜிட்டல் மீட்டர் மட்டும். 86-க்கு எடுக்கிற வயரில் 2 ஆம்பியர் ஃப்யூஸ் ஒண்ணு இன்லைனா போடுங்க. அந்த வயர் எங்கேயாவது உரசி எர்த் ஆனா இஞ்சினோட மெயின் இக்னிஷன் ஃப்யூஸ் போகாம இது போகும்.

திரும்ப நெகட்டிவ் மாட்டும்போது ரிமோட் கையில் இருக்கட்டும். சப்ளை வந்ததும் லாக் நிலையிலேயே முழிச்சு சைரனைத் தூக்குற மாட்யூல்கள் உண்டு. உள்ளே பேட்டரி வெச்ச சைரனா இருந்தா நெகட்டிவைக் கழட்டும்போதே கத்தும், அதன் முதுகில் இருக்கிற சின்ன சாவித் துளையைத் திருப்பினாத்தான் அடங்கும். அந்தச் சாவி கிட் டப்பாவிலேயே இருக்கும், இப்பவே தேடி எடுத்து வெச்சுக்கோங்க.